எகனாமிக்ஸ் சேரும் முன் சிஐபி கோடு தெரிந்துகொள்வது எப்படி?

தங்கைக்கு அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் பி.ஏ. இடம் கிடைத்திருக்கிறது, எகனாமிக்ஸ் மேஜர் (முதன்மைப் பாடம்) எடுக்க எண்ணம். சின்ன வகுப்பு, பேராசிரியரே பாடம் எடுப்பார், மேஜரை இரண்டாம் ஆண்டில் சொன்னால் போதும். அதெல்லாம் சரி, சிக்கல் ஓபிடியில்தான், அதாவது மாணவர் விசாவிலேயே படிப்பு சார்ந்த வேலை பார்க்கும் அனுமதியில். சிஐபி கோடு, அதாவது படிப்பு எந்தத் துறை என்று காட்டும் அரசு வகைப்பாட்டு எண், 45.0601 என்றால் படிப்பு முடிந்து 12 மாதம்தான் வேலை பார்க்கலாம். 45.0603 என்றால் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பிரிவு, இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். பட்டத்தின் பெயரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கல்லூரி இணையதளத்தில் தேடியாச்சு, கோடு இல்லை. அட்மிஷன் ஆபீஸுக்கு இரண்டு மெயில் போட்டும் பொத்தாம்பொதுவான பதில்தான். ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி தரும் படிவம்) வரட்டும் என்றால், மேஜர் அறிவிக்காதவர்களுக்கு 24.0101 என்று பொதுக்கோடு போட்டுவிடுவதுண்டு. கணிதத்தை இரண்டாவது மேஜராக எடுப்பது ஒரு வழி, ஆனால் பாடச்சுமை கூடும். மே 1க்குள் டெபாசிட் கட்டணும்.

அதற்கு முன் இந்தக் கோடை எழுத்தில் வாங்க யாரிடம் கேட்பது, ரெஜிஸ்ட்ராரிடமா (கல்லூரிப் பதிவாளர்), டிஎஸ்ஓவிடமா (வெளிநாட்டு மாணவர் விசா விஷயங்களைப் பார்க்கும் கல்லூரி அதிகாரி)?