மௌனா கேயா உச்சியில் அந்திப் பொழுதும் விண்மீன் காட்சியும்: வழிகாட்டியுடன் செல்வதா, நாமே செல்வதா?

தாமிரபரணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஹூஸ்டனில் வசிக்கிறோம். வரும் ஜூன் மாத நடுவில் குடும்பத்துடன் ஹவாயின் பெரிய தீவுக்குச் சென்று, கோனா அருகே தங்கவிருக்கிறோம். பிற்பகலில் வேனில் மௌனா கேயா மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, சூரியன் மறைவதைக் காட்டி, இருட்டிய பின் தொலைநோக்கி வழியே விண்மீன்களையும் காட்டித் திருப்பி அழைத்து வரும் சுற்றுலாக்கள் அங்கே இருப்பதாக அறிந்தேன். கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் ஐந்து பேருக்குப் பெருந்தொகை ஆகிறது. ஆகவே வாடகைக் காரில் நாமே சென்று வந்தால் என்ன என்று என் கணவர் கேட்கிறார். எங்களுடன் நெல்லையிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும் வருகிறார். அவருக்கு வயது 66. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். மகளுக்கு 15 வயது, மகனுக்கு 10. உச்சிக்குப் போகாமல் கீழே நின்று பார்த்தால் முக்கியமானது எதையேனும் இழந்துவிடுவோமா என்பதுதான் என் பெரிய ஐயம். சென்று வந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மலைப்பாதை:

வணக்கம் அம்மா. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சூரிய அஸ்தமனத்துக்கு உச்சி. விண்மீன்களுக்கு உச்சி அல்ல. பெரும்பாலான சுற்றுலாக்களும் அப்படித்தான் நடக்கின்றன. சூரியன் மறைந்த அரை மணி நேரத்துக்குள் பார்வையாளர்கள் அனைவரும் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும். வண்டி விளக்குகளின் வெளிச்சம் அங்குள்ள வானாய்வகங்களின் வேலையைக் கெடுக்கும் என்பதே முக்கியக் காரணம். வேன் ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில் உள்ள பார்வையாளர் தகவல் மையத்தின் சுற்றுப்புறத்துக்கு இறங்கி வந்த பிறகுதான் தொலைநோக்கியை வெளியே எடுப்பார்கள்.

இந்த ஏற்பாடு நமக்கும் நல்லதே. உச்சியின் உயரம் சுமார் 4,205 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். மங்கிய ஒளியைப் பார்க்க உதவும் விழித்திரைச் செல்கள் ஆக்ஸிஜன் குறைந்தால் முதலில் சோர்ந்துபோகும் என்பதால், வெறும் கண்ணுக்கு உச்சியில் தெரிவதைவிட நடுமலையில்தான் அதிக விண்மீன்கள் தெரியும். கெக், சுபாரு போன்ற பெருந்தொலைநோக்கிகள் உச்சியில் இருப்பது கருவிகளுக்காக, கண்களுக்காக அல்ல.

வாடகைக் கார் பற்றி: தகவல் மையம் வரை தார்ச்சாலை. அதற்கு மேல் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் செங்குத்தான மண்பாதை. உச்சியை நெருங்கும்போதுதான் மீண்டும் தார் வரும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. அத்தகைய வண்டியை வாடகைக்கு எடுத்தாலும், இந்தப் பாதையில் ஓட்டக் கூடாது என்று பல நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். ஏறுவதைக்கூடச் சமாளித்துவிடலாம். மங்கும் வெளிச்சத்தில் இறங்கும்போது கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். மலைப்பாதையில் ஓட்டிப் பழகாதவர் இதைச் செய்து பார்க்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்த இறக்கத்துக்கே தகும்.

இனி உங்கள் குடும்பம். 13 வயதுக்குட்பட்டவர்கள், கருவுற்றவர்கள், இதய அல்லது நுரையீரல் நோய் உள்ளவர்கள் தகவல் மையத்தைத் தாண்டி மேலே செல்ல வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். எனவே உங்கள் மகனை உச்சிக்கு அழைத்துச் செல்ல இயலாது. அம்மாவைப் பொறுத்தவரை, அவருடைய மருத்துவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். கடற்கரையிலிருந்து சில மணி நேரத்தில் நாலாயிரம் மீட்டருக்கு மேல் ஏறுவது உடலுக்குச் சாதாரணச் செய்தி அல்ல. தலைவலியும் குமட்டலும் நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கும் வரும். அதனால்தான் தகவல் மையத்தில் குறைந்தது அரை மணி நேரமாவது நிறுத்தி, உடலைப் பழக்கிய பிறகே மேலே ஏறுகிறார்கள். மற்றொன்று: காற்று உருளையுடன் கடலில் மூழ்கும் (ஸ்கூபா) திட்டம் யாருக்கேனும் இருந்தால், அதற்கும் மலையேற்றத்துக்கும் இடையில் 24 மணி நேரமாவது இருக்க வேண்டும்.

இரவுவானம்:

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். ஆனால் முன்பதிவு செய்யும் முன் நாள்காட்டியில் அமாவாசையைப் பாருங்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். முழுநிலவு நாளில் மிகச் சிறந்த வழிகாட்டியாலும் பால்வீதியைக் காட்ட முடியாது. அமாவாசைக்கு முன்னும் பின்னுமான சில நாட்களில் ஒன்றைப் பிடித்துவிட்டால், ஜூன் நடுப்பகுதி உண்மையிலேயே அருமையான காலம்.

அந்த நாட்களில் அங்கே ஏழு மணியளவில் சூரியன் மறைந்து, எட்டே கால் மணிக்கு மேல் நன்றாக இருட்டிவிடும். தெற்கே தொடுவானத்துக்குச் சற்று மேலே தென்சிலுவை என்னும் விண்மீன் கூட்டம் சாய்ந்து நிற்கும். நெல்லையில் தெரிவதைவிடத் தாழ்வாகத்தான் தெரியும். ஆயினும் மேகங்கள் பெரும்பாலும் காலடிக்குக் கீழே தங்கிவிடுவதால் மறைப்பு குறைவு. அதற்குச் சற்று மேலே, ஒமேகா செண்டாரி என்னும் விண்மீன் கொத்தைத் தொலைநோக்கியில் காட்டச் சொல்லுங்கள். கண்ணுக்கு மங்கிய புள்ளியாக இருப்பது, கண்வில்லை வழியே பார்க்கும்போது எண்ணற்ற நுண்ணிய பொறிகளாகப் பிரிவதை உங்கள் மகன் கட்டாயம் பார்க்க வேண்டும். தென்கிழக்கில் விருச்சிகம் முழு உருவில் எழுந்திருக்கும். அதன் வாலை ஒட்டிப் பால்வீதியின் மையப்பகுதி நேரம் ஆக ஆக மேலே வரும்.

ஒன்பது மணியளவில் தலையை நேராக நிமிர்த்திப் பாருங்கள். உச்சிவானில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது நம் சுவாதி. ஹவாய் மக்கள் அதை ஹோகுலேயா என்பார்கள். அது தலைக்கு நேர் மேலே கடந்து செல்லும் அகலாங்கில்தான் அவர்களுடைய தீவுகள் இருக்கின்றன. பசிபிக் கடலோடிகளுக்கு ஊர் திரும்பும் வழியைக் காட்டும் விண்மீன் அது. அதன் பெயரைத் தாங்கிய இரட்டைத் தோணி 1976-ல் நவீனக் கருவிகள் எதுவுமின்றி ஹவாயிலிருந்து தஹிதி வரை சென்று சேர்ந்தது. மேற்குப் பசிபிக்கின் மைக்ரோனீசியத் தீவுகளைச் சேர்ந்த மாவ் பியாய்லுக் என்ற கடலோடி விண்மீன்களையும் அலைகளையும் பார்த்தே வழிநடத்தினார். இந்த வரலாற்றைச் சொல்லக்கூடிய வழிகாட்டி அமைந்தால் கொடுத்த பணம் வீண்போகாது.

தாமிரபரணி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால் கணவரும் மகளும் சுற்றுலா வேனில் உச்சிக்குச் செல்லட்டும். மருத்துவர் சம்மதித்தால், நான் அம்மாவையும் மகனையும் வாடகைக் காரில் தகவல் மையம் வரை அழைத்துச் செல்லலாம் என்று நினைக்கிறேன். இது சரிவருமா? குளிர் எப்படி இருக்கும்?

ஹீலோவாசி:

சரிவரும். நான் இந்தத் தீவிலேயே வசிப்பவன். தகவல் மையம் வரை சாதாரணக் கார் செல்லும். ஒப்பந்தத்தை மட்டும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். மையத்துக்கு எதிரே உள்ள சிறு குன்றில் மெதுவாக நடந்து ஏறினால் அங்கிருந்தும் அந்திவானம் அழகாகத் தெரியும். அம்மாவுக்கு 2,800 மீட்டரும் உயரமே; அவர் குன்றில் ஏற வேண்டியதில்லை. ஜூன் மாதத்திலும் உச்சியில் உறைபனிக்கு அருகே குளிரும். வேனில் செல்பவர்களுக்குப் பெரும்பாலும் தடித்த மேலங்கி தருவார்கள். உங்கள் மூவருக்கும் நீங்களே எடுத்துச் செல்ல வேண்டும். மகனுக்குச் சிவப்பு ஒளி விளக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். கைபேசியின் வெள்ளை வெளிச்சம் சுற்றி நிற்பவர்கள் எல்லோருடைய இருளுக்குப் பழகிய பார்வையையும் கெடுத்துவிடும்.

உச்சிக்குச் செல்லும் இருவரிடமும் இதைச் சொல்லுங்கள். ஹவாய் பூர்வகுடிகளுக்கு இது பனித்தேவி போலியாஹு உறையும் புனித மலை. இம்மலையில் 30 மீட்டர் அகல ஆடி கொண்ட தொலைநோக்கியை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2019-ல் அவர்கள் மலையடிவாரத்திலேயே மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். அந்தத் திட்டத்தில் இந்தியாவும் பங்குதாரர் என்பதால் நமக்கு அது தொலைவிலுள்ள சண்டை அல்ல. சாலை முடியும் இடத்துக்கு அப்பால் தெரியும் பூ வேக்யூ என்ற கூம்புதான் மலையின் மிக உயர்ந்த புள்ளி. அதன்மேல் ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கல் எதையும் எடுக்கவும் வேண்டாம், அடுக்கவும் வேண்டாம்.

சூரியன் மேற்கே மறைந்துகொண்டிருக்கும்போது எல்லோரும் அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உங்கள் மகளைக் கிழக்கே திரும்பச் சொல்லுங்கள். மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக மேகங்களின் மேல் நீண்டு கிடப்பது அந்தச் சில நிமிடங்களில் மட்டும்தான் தெரியும்.