பொருளைத் துழாவுதல்: ‘அகநோக்கு’ சரிவருமா?

வணக்கம். நம் கணினிக் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் ‘இன்ட்ரோஸ்பெக்ஷன்’ என்பதற்குச் சொல் தேடுகிறோம். நிரலில் தரவும் வேலைகளும் சேர்ந்த ஒரு ‘பொருளுக்குள்’ (ஆப்ஜெக்ட்) என்னென்ன இருக்கின்றன என்று கேட்டுப் பார்ப்பதுதான் அது. பினாங்கு ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> ‘இன்ட்ரோஸ்பெக்ஷன்’ என்பதற்கு உளவியலில் அகநோக்கு என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பினாங்கு ஐயா சொல்வது புரிகிறது. கையில் சொல் இருக்கப் புதிதாக ஒன்றைச் செய்வானேன் என்கிறார். ஆனால் அகநோக்கு என்றால் ஒருவர் தம் மனத்தைத் தாமே பார்ப்பது. பைத்தான் நிரல்மொழியின் முனையத்தில், அதாவது கட்டளை தட்டும் திரையில், நாம் பொருளுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறோம். கேள்வி நம்முடையது, பதில் பொருளுடையது. ஓடும் நிரல் தன்னைத் தானே ஆராய்வதற்குத் ‘தன்னாய்வு’ இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. நிரல் எழுதிக்கொண்டே ஒரு பொருளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறோமே, அந்தச் செயலுக்குத்தான் தனிச்சொல் தேவை.

அதற்கு முன் ‘ஆட்ரிபியூட்’, அதாவது பொருளின் பெயருக்குப் பின் புள்ளி வைத்துக் கேட்கும் பெயர், அதன் சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். நம் வரைவுப் பட்டியலில் ‘பண்பு’ என்று இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வார இறுதி வகுப்பில் நான் காட்டும் எடுத்துக்காட்டையே சொல்கிறேன். பைத்தானின் ‘டேட்’ என்ற வகுப்பிலிருந்து (‘கிளாஸ்’, பொருள்களை வார்க்கும் அச்சு) மலாயா விடுதலை பெற்ற 31.8.1957 என்ற நாளை ஒரு பொருளாக ஆக்கி, ‘மெர்டேக்கா’ என்று பெயர் வைக்கிறோம். பெயருக்குப் பின் ஒரு புள்ளி, அப்புறம் டேப் விசை. பட்டியல் விரிகிறது: ‘இயர்’, ‘மந்த்’, ‘டே’. அவற்றோடு கலந்து ‘வீக்டே’, ‘ரிப்ளேஸ்’, ‘ஐஎஸ்ஓஃபார்மட்’ எல்லாம் வருகின்றன. ‘இயர்’ என்று கேட்டால் 1957 என்று உடனே பதில். ‘வீக்டே’ என்று மட்டும் கேட்டால் “இது ஒரு மெத்தட்”, அதாவது பொருள் செய்யும் ஒரு வேலை, என்ற மாதிரி ஒரு வரிதான் வரும். பின்னால் அடைப்புக்குறி போட்டால்தான் 5 கிடைக்கும். திங்களைச் சுழியமாக வைத்து எண்ணுவதால் 5 என்றால் சனிக்கிழமை.

இந்த இரண்டு வகையையும் பைத்தான் ஆட்ரிபியூட் என்றே அழைக்கிறது. ஆண்டைப் பண்பு என்று சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். கிழமையைக் கணக்கிட்டுச் சொல்லும் வேலையையும் பண்பு என்றால் முகம் சுளிக்கிறார்கள். நான்காம் படிவத்தில் மலாயில் தரவுத்தளம் படித்தவர்களுக்கு இன்னும் குழப்பம், ஏனென்றால் அங்கே ‘அட்ரிபுட்’ என்றால் அட்டவணையின் ஒரு நெடுவரிசை. நெடுவரிசை எந்த வேலையும் செய்யாது.

நம் இலக்கணத்தில் இதற்கு வழி இருக்கிறது. பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில் என்று ஆறு வகைப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் ஒப்பிப்பார்கள். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு பெரும்பாலோர் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவதால், அதுவரை படித்த தமிழ்தான் நமக்கு முதலீடு. அந்த ஆறில் சினைதான் நம் தேவைக்கு மிக நெருக்கம், முதலும் சினையும் என்ற உறவு அப்படியே பொருந்தும். ஆனால் சினை மாடு நினைவுக்கு வந்து வகுப்பே சிரிக்கும். ஆகவே ‘உறுப்பு’ என்கிறேன். ஆண்டு போன்றவை பண்புறுப்பு, கிழமை சொல்வது போன்றவை தொழிலுறுப்பு. கையில் இருக்கும் சொற்களை ஒட்டவைத்ததுதான். சி பிளஸ் பிளஸ்காரர்கள் ‘மெம்பர்’ என்பதற்கும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

இனி செயலுக்கு வருகிறேன். ‘துழாவல்’ என்பது என் முன்மொழிவு. தேடல் ஏன் கூடாது என்று கேட்பீர்கள். தேடுகிறவருக்கு எது வேண்டும் என்று தெரியும். துழாவுகிறவருக்கு உள்ளே என்ன கிடக்கிறது என்பதே தெரியாது. மீன்தலைக் கறிச் சட்டியில் அகப்பையை விட்டவர் மாதிரி, வெண்டைக்காயா கத்தரிக்காயா என்று மேலே வந்த பிறகுதான் பார்ப்பார்.

சொல்லின் அந்த நிச்சயமின்மை நுட்பத்துக்கும் பொருந்துகிறது. ஒரு பொருளின் உறுப்புப் பெயர்களைக் காட்டும் ‘டிர்’ என்ற செயற்கூறு (‘ஃபங்ஷன்’) தருவது முழுப் பட்டியல் என்று பலர் நம்புகிறார்கள். முழுமையைவிடப் பயனுள்ள பெயர்களைத் தரவே முயல்வதாகப் பைத்தான் ஆவணமே சொல்கிறது. பட்டியலில் இல்லாத பெயரைக் கேட்டாலும், கேட்ட கணத்தில் பதிலை உண்டாக்கித் தரும்படி ஒரு வகுப்பை எழுத முடியும். ‘ப்ராப்பர்ட்டி’ என்ற வகை இன்னும் வேடிக்கையானது. பார்வைக்குப் பண்புறுப்பு, தொட்டால் உள்ளே ஒரு செயற்கூறு ஓடும். அது தரவுத்தளத்தையே போய்த் தட்டினாலும் தட்டும். ‘உறுப்புப் பட்டியலிடல்’ என்ற மாற்று முன்மொழிவை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். பட்டியல் என்றதும் எல்லாம் அடங்கிவிட்டது என்ற எண்ணம் வந்துவிடும். ‘உறுப்பாய்வு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது பிணவறை வாசனை அடிக்கிறது, மன்னிக்கவும்.

துழாவல் வினையாகவும் வளைந்து கொடுக்கும்: துழாவு, துழாவிப் பார், துழாவு கருவி. ஃபெர்னாண்டோ பெரெஸ் 2001-இல் தொடங்கிய ஐபைத்தான் என்ற பைத்தான் முனையத்தில், பெயருக்குப் பின் ஒரு கேள்விக்குறி போட்டால் விளக்கம் வரும். இரண்டு போட்டால், பைத்தானிலேயே எழுதப்பட்டதாக இருந்தால் மூல நிரலும் வரும். “கேள்விக்குறி போட்டுத் துழாவிப் பார்” என்று வகுப்பில் சொன்னால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. “அகநோக்குச் செய்” என்று சொல்ல எனக்கே வாய் வராது.

ஜாவா நிரல்மொழியின் ‘ரிஃப்ளெக்ஷன்’ இதில் சேராது. அது நிரல் செய்யும் வேலை, பார்ப்பதோடு நிற்காமல் தொழிலுறுப்பை இயக்கவும் செய்யும். அதைத் தனி இழையில் பேசலாம்.

யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் வரைவில் ‘பண்பு’ இருக்கும் இடத்தில் ‘உறுப்பு’ என்று மாற்றிவிடுகிறேன். ‘தொழிலுறுப்பு’ நீளம் என்று தோன்றுகிறவர்கள் மாற்றுச்சொல்லோடு வாருங்கள். ‘செயல்முறை’ மட்டும் வேண்டாம், அதை ‘ப்ராசஸ்’ என்பதற்குக் கொடுத்துவிட்டோம்.