சாயங்காலமானால் டியூப் லைட் எரிவதில்லை – ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

கேள்வி:
வணக்கம். டெல்டா பக்கத்துக் கிராமம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் லைனில் எங்கள் வீடுதான் கடைசி. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் டியூப் லைட்டின் இரண்டு முனை மட்டும் சிவக்கிறது, ஸ்டார்ட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. முனைகள் கருத்தும் விட்டன. சாமி ரூம் குண்டு பல்பு அழுது வடிகிறது. மகள் பத்தாவது படிக்கிறாள். வீடு முழுக்க ஸ்டெபிலைசர் போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்:
அவசரப்படாதீங்கண்ணே, முதல்ல அளக்கணும். வயர்மேனைக் கூப்பிட்டு, மெயின் போர்டில் எல்லாத்தையும் அணைச்சு ஒரு தடவை, மோட்டாரும் ஃபேனும் போட்டு ஒரு தடவை மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்க. நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். அணைச்சாலும் குறைவுன்னா கோளாறு தெரு லைனில். போட்டதும் ரொம்பச் சரிஞ்சா, கம்பத்திலிருந்து உங்க வீட்டுக்கு வர்ற சர்வீஸ் வயரில் எங்கோ லூஸ் இருக்கலாம்.

ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உற்பத்தி பண்ணாது. வோல்டேஜை ஏத்திக் கொடுக்க லைனிலிருந்து கூடுதல் கரண்ட் இழுக்கும். லூஸ் கனெக்‌ஷன் இருந்தா அது இன்னும் சூடாகும். ஃப்ரிட்ஜுக்குத் தனியா ஒண்ணு வைக்கிறது வேற விஷயம், அது நல்லதுதான்.

இன்னொரு பதில்:
பக்கத்து வீட்டில் எப்படி எரிகிறது? உங்களுக்கு மங்கி, அவர்களுக்குப் பளிச்சென்று கூடுதலாக எரிந்தால் தெருவில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் பொதுக் கம்பி) அறுந்திருக்கலாம். அப்போது சில வீடுகளுக்கு 300, 400 வோல்ட்கூடப் போகும். உடனே மெயினை இறக்கிவிட்டு லைன்மேனுக்குச் சொல்லுங்கள். கம்பத்தில் நீங்கள் கை வைக்காதீர்கள்.

கேட்டவர்:
பக்கத்து வீட்டிலும் மங்கல்தான். அளந்தாச்சு. அணைத்தால் 198, மோட்டார் போட்டால் 165. லைன்மேன் வந்து பார்த்தார். கம்பத்தில் அலுமினியக் கம்பியோடு செம்புக் கம்பியைச் சும்மா முறுக்கி விட்டிருந்தார்கள். அந்த இடம் வெள்ளை பூத்து, மேலே உறை உருகிப்போயிருந்தது. வெட்டி எடுத்து கனெக்டர் போட்டார். இப்போது மோட்டார் ஓடும்போதும் 190 நிற்கிறது.

பதில்:
பெரிய ஆபத்து போச்சுண்ணே. பழைய சோக், ஸ்டார்ட்டரைக் கழட்டிட்டு எல்இடி டியூப் போடுங்க. பெட்டியில் 100–300 வோல்ட்னு அச்சடிச்சிருக்கான்னு பார்த்து வாங்கணும். உள்ளே நல்ல டிரைவர் (எல்இடிக்குக் கரண்டைச் சீராக் கொடுக்கிற சர்க்யூட்) இருந்தா 165லயும் ஒரே வெளிச்சம் வரும். மலிவானது மினுக்கும், படிக்கிற பிள்ளைக்கு அது வேண்டாம். குண்டு பல்புக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைஞ்சாலே வெளிச்சம் முப்பது சதவீதம் போயிடும், அதையும் மாத்திடுங்க.

ஆனா லைன்ல 198 வர்றதை அப்படியே விடாதீங்க. தெருக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு, எந்த மணிக்கு எத்தனை வோல்ட்னு ஒரு வாரக் கணக்கோட மின்வாரிய உதவிப் பொறியாளர்கிட்ட மனு கொடுங்க. தெருவில் வர்ற மூணு ஃபேஸ் கம்பியில் ஒரே ஃபேஸில் வீடுகள் குவிஞ்சிருந்தா பிரிச்சு மாத்தலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987லயும் பதிஞ்சு, புகார் எண்ணைக் குறிச்சு வச்சுக்குங்க.