வன மேலாண்மைக்கான ‘முடிவெடுப்புத் துணை மென்பொருள்’: சொல் பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

வன மேலாண்மைப் பாடத்தின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டியிருப்பதால் மீண்டும் எழுதுகிறேன். எந்தப் பகுதி மரங்களை எந்த ஆண்டில் வெட்டுவது, எதை நீர்ப்பிடிப்புக்காக விட்டுவைப்பது என்று பல வழிகளைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றின் விளைவையும் அலுவலர் முன் வைக்கும் மென்பொருளுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

நான் முதலில் எழுதிய ‘முடிவுத் துணை’யைப் படித்த மாணவி ஒருவர், காட்டின் முடிவுக்குத் துணைபோகும் மென்பொருளா என்று கேட்டுவிட்டார். ‘தேர்வுத் துணை’யோ வினாவிடைத் தொகுப்பை நினைவூட்டுகிறது.

பேராசிரியர் ஐயா முன்மொழிந்தது ‘சூழ்ச்சித் துணை’. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்னும் குறளில் (671) அச்சொல் ஆராய்தலையே குறிக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆனால் வனக்காப்பாளர் ஒருவரிடம் ‘சூழ்ச்சி மென்பொருள்’ என்றால், ஏதோ மரக்கடத்தல் வழக்கு என்றே எண்ணுவார்.

அக்குறளில் வரும் ‘துணிவு’தான் என்னை ஓர் இரவு முழுவதும் விழிக்கவைத்தது. துணித்தல் வெட்டுதல், துணிதல் முடிவுசெய்தல். முடிவுசெய்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் வெட்டுதலிலிருந்தே பிறந்தது. மரம் வெட்டும் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. எனினும் இன்றைய மாணவருக்குத் துணிவு என்பது தைரியம் மட்டுமே, வருத்தத்தோடு கைவிட்டேன்.

‘துணை’யை நீக்கி ‘முடிவெடுப்பி’ என்று சுருக்கலாம் என்ற கருத்தை மட்டும் ஏற்க இயலாது. அமெரிக்க வனத்துறை 1979இல் தேசிய வனங்களின் திட்டமிடலுக்கு முதன்மைக் கருவியாக விதித்த ஃபோர்பிளான் என்னும் மென்பொருள், நேரியல் நிரலாக்க முறையில், அதாவது வரம்புகளுக்குள் மிகச் சிறந்த வழியைக் கணக்கிடும் கணித முறையில், இயங்கியது. உள்ளே நடப்பது வெளியே தெரியாத கறுப்புப் பெட்டி என்ற குறை அதன்மீது எழுந்தது. அதே துறை 1997இல் வெளியிட்ட மற்றொரு மென்பொருளின் பெயரிலேயே ‘துணை’ என்ற பொருள் ஏறிவிட்டது. கணினி வரிசைப்படுத்தித் தருவதற்குக் கையெழுத்திடுபவர் மனிதர் என்பது பெயரில் தெரியவேண்டும்.

ஆகவே, நீளமானாலும், ‘முடிவெடுப்புத் துணை மென்பொருள்’ என்றே எழுதவிருக்கிறேன். இதுவரை நால்வர் இசைந்துள்ளனர்.

பேராசிரியரின் மறுமொழி:

அன்புடையீர், முடிவு ‘எடுத்தல்’ என்பதே ஆங்கில வழக்கின் நிழல். தமிழர் முடிவு செய்வர். ‘எடுப்பு’ என்றால் எடுப்புச் சாப்பாடுதான் என் நினைவுக்கு வருகிறது. சூழ்ச்சி கெட்டுப்போனது நம் பயன்பாட்டினால். நல்ல இடத்தில் வைத்தால் அது தேறிவிடும். வெள்ளிக்கிழமைக்குப் பெரும்பான்மையின் சொல்லோடு செல்லுங்கள். என் மறுப்பை அடிக்குறிப்பிலாவது சேருங்கள்.