புதுப்பிப்பு: வீட்டாய்வு முடிந்தது

தத்தெடுப்புக்காகக் காரா எனப்படும் மத்திய ஆணையத்தில் பதிவு செய்த பின், வீட்டாய்வுக்கு எப்படித் தயாராவது என்று முன்பு கேட்டிருந்தேன். அந்த ஆய்வு சென்ற வாரம் முடிந்தது. வந்திருந்த சமூகப் பணியாளர் மருத்துவ, வருமானச் சான்றுகளை விரைவாகப் பார்த்துவிட்டு, என்னிடமும் கணவரிடமும் தனித்தனியாகவும், பிறகு எங்களோடு வசிக்கும் மாமியாரிடமும், வரப்போகும் குழந்தைக்கு அதன் பிறப்பைப் பற்றி எப்போது, எந்தச் சொற்களில் சொல்வீர்கள் என்றே நெடுநேரம் கேட்டார். அதற்கு நாங்கள் ஆயத்தமாக இல்லை. ஆயினும் எல்லாவற்றிலும் தேவையான கேள்வி அதுவே என்று நினைக்கிறேன்.

2022 தத்தெடுப்பு விதிமுறைகளின்படி இந்த வீட்டாய்வின் அறிக்கை 3 ஆண்டுகள் செல்லுபடியாகும். பதிவின்போது எங்கள் இருவர் வயதின் கூட்டுத்தொகை 88 ஆக இருந்தது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கான வரம்பு 85 என்பதால், 2 முதல் 4 வயது வரையிலான குழந்தைக்காகக் காத்திருக்கிறோம்.