பயிற்சித் தாளுக்குச் சொல்வது பின்னூட்டமா, திருத்துரையா?

கையேட்டுக் குழு:
வணக்கம். தொடக்கநிலை வரைதல் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாணவர்கள் ஒருவர் தாளை மற்றவர் பார்த்துச் சொல்லும் கருத்துக்கு ஒரு சொல் வேண்டும். ‘தருதல்’, ‘பெறுதல்’ இரண்டோடும் ஒட்ட வேண்டும். இப்போதைக்குப் ‘பின்னூட்டம்’ என்று வைத்திருக்கிறோம்.

நெடில்:
பின்னூட்டம் வேண்டாம். ‘ஊட்டு’ என்பது ‘உண்’ என்பதன் பிறவினை. மின்சுற்றில் வெளியீட்டை உள்ளீட்டுக்கே திருப்பிவிடுவதற்கு அது பொருந்தும். வலைப்பூக்களில் ‘அருமை’, ‘தொடருங்கள்’ என்பதற்கெல்லாம் அதுவே பெயராகி நீர்த்துவிட்டது. குறள் 447 ‘இடிக்கும் துணையாரை’ என்கிறது. ‘இடித்துரை’ எனலாமே?

கரிக்கோல்:
அது அரசனுக்குத் துணைவர் சொல்வது ஐயா. நேற்றுப் பென்சில் பிடித்தவர் ஓடிவிடுவார். அங்கே என்ன சொல்லப்படுகிறது என்று முதலில் பார்ப்போம். அளவுகோலால் போட்ட கோட்டின் மேல் வெறுங்கையால் எட்டு முறை இழுக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகள் முடிவில் மட்டும் விசிறிப் பிரிந்தால் பரவாயில்லை, பழகப் பழகக் குறையும். தொடக்கத்திலும் பிரிந்திருந்தால், முனையைப் புள்ளியில் ஊன்றாமலே இழுத்திருக்கிறார். கோடு நெளிந்தால், கண்ணால் திருத்திக்கொண்டே கையை மெதுவாக நகர்த்தியிருக்கிறார். வில்லாக வளைந்தால், தோளை விட்டுவிட்டு மணிக்கட்டால் இழுத்திருக்கக்கூடும். குறை, காரணம், அடுத்துச் செய்ய வேண்டியது மூன்றும் அந்தச் சொல்லுக்குள் வர வேண்டும். ‘கோடு சரியில்லை’ என்று நிறுத்துவது இதில் சேராது. ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு குறைக்கு மேல் சொல்லவும் கூடாது. ‘திருத்துரை’ என்று முன்மொழிகிறேன்.

அளபெடை:
திருத்து + உரை, குற்றியலுகரம் கெட்டுத் ‘திருத்துரை’, வினைத்தொகை. புணர்ச்சி சரி. ஆனால் ‘திருந்து’ தன்வினை, ‘திருத்து’ பிறவினை. திருத்தப்படுவது கோடா, வரைந்தவரா? ‘விமர்சன’த்தை ஏன் ஒதுக்குகிறீர்கள்? அதன் வடமொழி வேருக்குத் தொடுதல் என்றே பொருள். தாளைத் தொட்டுக் காட்டிச் சொல்வதற்கு அதைவிடப் பொருத்தம் ஏது?

நெடில்:
வேர் எதுவானாலும் விமர்சனம் என்றதும் திரைப்படம்தான் நினைவுக்கு வரும். ‘மதிப்பீடு’ என்றால் மதிப்பெண் கேட்பார்கள். திருத்துரையிலும் ஒரு தடை: மாணவர் போட்ட கோட்டின் மேலேயே சிவப்பு மையால் கிறுக்குவதுபோல் ஒலிக்கிறது.

கரிக்கோல்:
மேலே டிரேசிங் தாள் வைத்து வேறு நிறத்தில்தான் வரைய வேண்டும் என்று அதே இயலில் எழுதிவிடலாம். முப்பரிமாணமாகத் தெரியும்படி பெட்டி வரையும் பயிற்சிக்கு அது மிகவும் உதவும். இணை விளிம்புகளைத் தொலைவுப் பக்கமாக நீட்டினால், ஒரே மறைபுள்ளியில், அதாவது இணைகோடுகள் தொலைவில் சேர்வதுபோல் தெரியும் புள்ளியில், குவிகின்றனவா, இரண்டிரண்டாகப் பிரிகின்றனவா என்று வரைந்தவர் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஒற்று:
பெறுபவர் பக்கத்தையும் பாருங்கள். வகுப்பில் ‘பின்னூட்டம் கேட்டேன்’ என்பது வாய்க்கு வருகிறது, ‘திருத்துரை பெற்றேன்’ வருவதில்லை. பெறுபவருக்கும் வேலை உண்டு: எந்தப் பயிற்சி, எங்கே இடறுகிறது என்று எழுத வேண்டும், தாளுக்கு நேர் மேலிருந்து படமெடுக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் வட்டமே நீள்வட்டமாகிவிடும். நீள்வட்டத்தின் குறுகிய அச்சான குற்றச்சு சாய்ந்திருக்கிறது என்று நாம் சொல்வது, தாளில் இல்லாத குறையாகிவிடும்.

அளபெடை:
நீண்ட அச்சுக்கு நெட்டச்சு, குறுகியதற்குக் குற்றச்சு, எவ்வளவு அழகான இணை! சிறுமை + ஊர் ‘சிற்றூர்’ ஆவதுபோல் ஒற்று இரட்டித்து வருகிறது. தருபவர் சொல்லுக்கும் பெறுபவர் சொல்லுக்கும் இப்படி ஓர் இணை கிடைத்தால்...

கையேட்டுக் குழு:
தேட நேரமில்லை ஐயா. தலைப்பில் பின்னூட்டமே இருக்கட்டும் என்பதற்குத்தான் ஆதரவு கூடுதல். குறையும் காரணமும் எழுதும் கட்டத்துக்கு மட்டும் ‘திருத்துரை’ என்று தலைப்பிடுகிறோம்.

நெடில்:
கட்டத்துக்கு ஒப்புகிறேன், தலைப்புக்கு இல்லை. இரண்டாம் பதிப்பின்போது மீண்டும் கேட்பேன்.