மறு: மறு: ஸ்டிக்கி கிளையன்ட் – தமிழில் என்ன? (நாளை இரவு அச்சுக்கு)

அல்சூரிலிருந்து:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கில் வைஃபை பார்த்துக்கொள்ளப்போகும் பிள்ளைகளுக்கு எட்டுப் பக்கக் கையேடு. ஒரே சொல்லில் நிற்கிறேன். போன வருஷம் வரவேற்பு மேசைப் பக்கம் இணைந்த கைப்பேசி, ஆள் மாடி அரங்கில் வேறொரு அணுகுபுள்ளிக்கு (வைஃபை தரும் பெட்டி, ஆக்சஸ் பாயின்ட்) நேர் கீழே உட்கார்ந்த பிறகும் கீழ்த்தள அணுகுபுள்ளியையே பிடித்துக்கொண்டிருந்தது. சிக்னல் ஒற்றைக் கோடு. அது இழுத்து இழுத்துப் பேசி முடிக்கிற வரை அதே அலைவரிசையில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் கருவிக்கு என்ன பெயர் வைக்கலாம்?

மல்லேசுவரத்திலிருந்து:
ஒட்டுப் பயனி. முடிந்தது.

ஜாலஹள்ளியிலிருந்து:
ஒட்டு என்றால் எனக்கு மாங்கன்றுதான் ஞாபகம் வருகிறது. அரங்கத்து எலெக்ட்ரீஷியனிடம் சொன்னால் கன்னடத்தில் 'மொத்தம்' என்று எடுத்துக்கொள்வார். 'பற்றுவிடாக் கருவி' எனலாம். துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் பற்று ஆறு முறை வருகிறது, எண்ணிப் பாருங்கள். விடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஒற்று மிகும். அச்சில் 'க்' விழுந்துவிடக் கூடாது.

ஸ்ரீராமபுரத்திலிருந்து:
அண்ணே, கைப்பேசிக்கெல்லாம் துறவு சொல்லிக்கொடுக்கணுமா? 'உடும்புப்பிடி' இருக்கே. பாட்டிக்கும் புரியும், பேரனுக்கும் புரியும்.

ஜாலஹள்ளியிலிருந்து:
நல்ல சொல். கன்னடத்தில் உட, தெலுங்கில் உடுமு. உடுப்பு, உடுக்கை, உடும்பு மூன்றும் 'சுற்றிப் பற்றுதல்' என்ற ஒரே வேரில் பிறந்தவை என்பது என் நெடுநாள் கருத்து. உடுக்கையின் இடுப்பில் கயிறு சுற்றியிருப்பதைக் கவனித்தால்...

அல்சூரிலிருந்து:
ஐயா, கையேடு.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:
நான் நெட்வொர்க் வேலைக்காரி, இலக்கணம் தெரியாது. ஆனால் எந்தச் சொல் வைத்தாலும் பழி முழுக்கக் கைப்பேசி மேல் விழுகிறது. எப்போது இடம் மாறுவது என்று முடிவெடுப்பது அதுதான், உண்மை. 802.11வி என்ற வைஃபை வசதி இருந்தால் 'அந்தப் பக்கம் போயேன்' என்று அணுகுபுள்ளி கேட்டுப் பார்க்கலாம். கேட்பதும் கேளாததும் அதன் இஷ்டம். ஆனால் அணுகுபுள்ளியை முழு வீச்சில் அலறவிட்டது யார்? வீச்சைக் குறையுங்கள். 1, 2 மெகாபிட் வேகங்களை மூடிவிட்டு, 12க்குக் கீழே பேச்சில்லை என்று வையுங்கள். தூரத்துக் கருவி பேச முடியாமல் தானாகக் கையை விடும். முடிந்தவரை எல்லாரையும் 5 கிகாஹெர்ட்சுக்கு அனுப்புங்கள், 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்று மூன்றே அலைவரிசைகள். கையேட்டில் இதற்கு ஒரு பக்கம் கொடுங்கள். பெயரா? எங்கள் ஆபீஸ் தமிழர்கள் அதை விடாக்கண்டன் என்போம்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து:
ஆகா! 12க்குக் கீழே பேசமாட்டேன் என்கிற அணுகுபுள்ளி கொடாக்கண்டன்!

மல்லேசுவரத்திலிருந்து:
கருவி அஃறிணை. 'அன்' ஈறு உயர்திணை ஆண்பால். கலைச்சொல்லா, கேலிச்சொல்லா?

ஜாலஹள்ளியிலிருந்து:
கடுவன் என்று ஆண்குரங்கைச் சொல்கிறோமே, அது உயர்திணையா?

மல்லேசுவரத்திலிருந்து:
குரங்குக்காவது ஆண் பெண் உண்டு.

அல்சூரிலிருந்து:
அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். முதல் இடத்தில் 'ஸ்டிக்கி கிளையன்ட்', பிறகெல்லாம் 'விடாக்கண்டன்'. மூவர் சரி என்கிறீர்கள், போதும். வீச்சுக் குறைப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டேன். 5 கிகாஹெர்ட்சுக்கு அனுப்புகிற 'பேன்ட் ஸ்டீயரிங்'கை அப்படியே விட்டிருக்கிறேன், தயவுசெய்து யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

மல்லேசுவரத்திலிருந்து:
என் வகுப்பில் ஒட்டுப் பயனி என்றுதான் சொல்வேன்.

ஜாலஹள்ளியிலிருந்து:
பேன்ட் ஸ்டீயரிங் – 'கற்றைச் செலுத்தம்'?